மூழ்கிய துறையின் அனுமதிப்பத்திரம்

நாலரை மணிக்கு வேலை முடிந்ததும் இன்பமலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் முகவர் ஒருவரின் கந்தோரில் அவள் கடிதங்கள் தட்டச்சுச் செய்பவள். கணினியை மூடிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு மத்திய வீதிக்கு வந்து, லாபிரின் நெற் கபேயில் மூலைக் கதிரையில் உட்காருவாள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு பிறந்ததிலிருந்து மே மாதம் வரை, மின்சாரம் இருந்த நாளெல்லாம் இது நடந்தது.

அவள் பார்க்க வந்தது ஒரே ஒரு பக்கம். அதில் இருந்தது ஒரே ஒரு செய்தி. ‘வெளி எழுத்தாளர்களுக்கான அனுமதிப்பத்திரம் விரைவில் வெளியாகும். உங்கள் பொறுமைக்கு நன்றி.’

“நான் பொறுமையா இருக்கிறன் எண்டு இவையளுக்கு ஆர் சொன்னது?” என்றாள் இன்பமலர்.

“காலமையும் இதான் கிடந்தது அக்கா,” என்றான் லாபிர், கணினித் திரையைப் பாராமலே. “நீங்க வந்து மனம் நோவீங்க எண்டுதான் சொல்லல்ல.”

சங்கதி இதுதான். போர்நிறுத்தம் இருந்த காலத்தில் உப்புவெளி விடுதியொன்றில் டென்மார்க் நாட்டுத் தொண்டு நிறுவன ஊழியர் ஒருவர் தங்கியிருந்தார். மாலையில் பொழுது போகாமல், அக்கம்பக்கத்தில் பழகியவர்களைக் கூட்டி ஒரு விளையாட்டுக் காட்டினார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் கயிற்றில் இறங்குகிறேன் என்று சொல்வார்கள். சொன்ன காரியம் கைகூடுமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். விளையாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘விளக்கும் வாளும்’ என்று வரும். சண்டை மறுபடி மூண்டு அவர் நாடு திரும்பியபோது, மூன்று தடித்த புத்தகங்களையும் ஒரு பை பகடைகளையும் இன்பமலரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

விளையாட்டு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த லாபிரின் வீட்டில் கூடுவார்கள்; கதையை நடத்துவது இன்பமலர். நில அளவைக் கந்தோரில் படம் வரையும் குணரத்தினமும் வருவார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், ஆனால் பகடையைக் கையில் எடுத்தால் கடற்கொள்ளைக்காரனாகவே மாறிவிடுவார். வாரம் முழுவதும் அடையாள அட்டை காட்டி, பை திறந்து காட்டி, எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்த மூன்று பேருக்கும் அந்த மூன்று மணித்தியாலம் போதுமானதாக இருந்தது. இன்பமலர் அந்த நாட்களில் தன்னைக் குறைப்பட்டவளாக நினைத்ததே இல்லை.

விளையாடியது போதாமல் எழுதவும் தொடங்கினார்கள். விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தின் விதிகளுக்குப் பொருந்தும்படி வெளியாட்களும் புதுக் கதைகள் எழுதி வெளியிடலாம். பழைய பதிப்பில் அதற்கு அனுமதி இருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் போட்ட இருபது பக்கக் கதையை பிரேசிலில் யாரோ நாலு வாரம் விளையாடிவிட்டு நன்றி எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை லாபிர் கடைச் சுவரில் ஒட்டிவைத்தான். அந்த உற்சாகத்தில் அடுத்ததை எழுதினார்கள்: ‘மூழ்கிய துறை’. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் ஒரு பழைய துறைமுகம். அதற்குள் ஒரு பகல் பொழுதுக்குள் போய்த் திரும்பவேண்டும். இன்பமலர் எழுதினாள், லாபிர் பக்கம் அமைத்தான், குணரத்தினம் ஒன்பது மாதம் இருந்து வரைபடம் கீறினார். பின்லாந்தில் சிறு பதிப்பகம் நடத்தும் பெண் ஒருத்தி அச்சிட ஒப்புக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிறுவனம் புதிய பதிப்பை அறிவித்தது. பழைய விதிகள் இனி இல்லை, புதிய விதிகளுக்குப் புதிய அனுமதிப்பத்திரம், தை மாதம் தருகிறோம் என்றார்கள். தை போய்ப் பங்குனி என்றார்கள். பங்குனியில் சித்திரை என்றார்கள். பிறகு மாதத்தின் பெயர் சொல்வதையே விட்டுவிட்டு ‘விரைவில்’ என்றார்கள். இன்பமலர் இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டுக்கும் பொறுமைக்கு நன்றி என்றே பதில் வந்தது. மே முடிவதற்குள் புத்தகம் கைக்கு வராவிட்டால் இந்த வருடம் அச்சிட முடியாது என்று பின்லாந்துப் பெண் எழுதிவிட்டாள்.

“அனுமதி இல்லாமலே போடுவம்,” என்றான் லாபிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “எங்களப் பிடிக்க ஆரு திருகோணமலைக்கு வரப் போறான்?”

குணரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்களைப் பிடிக்கமாட்டாங்கள் தம்பி. அந்தப் பின்லாந்துப் பிள்ளையைத்தான் பிடிப்பாங்கள்.”

லாபிர் அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் பகடையை எடுத்தான்.

மே மாதம் மூன்றாவது புதன்கிழமை, கந்தோரிலிருந்து வரும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில் இன்பமலரின் பையைத் திறந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி, குடை, பகடைப் பை. அவற்றுக்கு அடியில், நாலாக மடித்த வரைபடம். சிப்பாய் அதை விரித்தான். ஒரு துறைமுகம். நுழைவாய், இறங்குதுறை, நிலத்துக்கடியில் போகும் வழி, இடத்துக்கிடம் கடலின் ஆழம். திருகோணமலையில், அந்த வருடத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில்!

தகரக் கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் இருந்தாள். இப்படி இருக்கச் சொல்லப்பட்ட சிலரின் பெயர்கள் அவளுக்குத் தெரியும்; அவர்களின் வீட்டாரையும் தெரியும்.  தண்ணீர் கேட்கவும் பயமாக இருந்தது.

பிறகு ஓர் அதிகாரி வந்தான். அவளை விட வயது குறைந்தவன். சிங்களத்தில் கேட்டான்: “இது எந்த இடம்?”

கந்தோரில் பழகிய சிங்களம் கைகொடுத்தது. “எந்த இடமும் இல்லை சேர். விளையாட்டுக்காகக் கீறியது.”

“விளையாட்டுக்கு எதற்கு ஆழ அளவு?”

“கீறியவர் நில அளவைக் கந்தோரில் வேலை செய்கிறவர். அளவு போடாமல் அவருக்குக் கீற வராது.”

அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மூலையில் ஏழு தலைக் கடற்பாம்பு ஒன்று இறங்குதுறையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. அதன் மேல் விரலை வைத்து, “விளையாடிக் காட்டு,” என்றான்.

இன்பமலர் இருபது முகப் பகடையை எடுத்து மேசையில் வைத்தாள்.  “நீங்கள் படகில் வந்திருக்கிறீர்கள். கடல் வற்றுகிறது. முன்னால் பாசி பிடித்த ஒரு வாசல். என்ன செய்கிறீர்கள் என்று சொல்லவேண்டும். உங்களுக்குப் பழகிய வேலை என்றால் பத்துக்கு மேல் விழுந்தால் போதும். பழகாத வேலை என்றால் பதினைந்துக்கு மேல் விழவேண்டும். தவறினால் நடப்பதை நான் சொல்வேன்.”

அவன் பகடையைக் கையில் எடுத்தான். “ஆட்களை முதலில் அனுப்பமாட்டேன். நான் முன்னுக்குப் போவேன்.”

பகடை பதினான்கு காட்டியது. முன்னுக்குப் போவது அவனுக்குப் பழகிய வேலை; வாசல் திறந்தது. சிப்பாயும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தான். மூன்று அறை தாண்டி, நாலாவதில் அதிகாரி வழுக்கி விழுந்து தன் விளக்கை நனைத்துக்கொண்டான். அப்போது வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. அவன் சட்டென்று எழுந்து தொப்பியைச் சரிசெய்தான். அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, “வரைபடம் இங்கே இருக்கட்டும். நீ போ,” என்றான்.

சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தாள். இரண்டு சந்தி தாண்டினாள். அப்போது ஓர் எண்ணம் வந்தது. நின்றுவிட்டாள். நிறுவனத்தின் புத்தகத்தில் கதவு திறப்பதற்கு மட்டும் ஆறு பக்கம் உண்டு. அந்தக் கொட்டிலுக்குள் பயத்தில் அவள் அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தனக்கு வாயில் வந்ததைச் சொன்னாள். அந்த மனிதன் விளையாடினான்.

லாபிரின் கடைக்குள் போனதும், “எங்களுக்கு அவையின்ர அனுமதி தேவையில்லை,” என்றாள்.

அவன் முதலில் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து தண்ணீர் கொடுத்தான். நடந்ததைக் கேட்டு இன்னும் பயந்தான். குணரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தான். அவர் வந்து, தன் வரைபடத்தால் வந்த வினையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “என்ர பிழை பிள்ளை. என்ர பிழை,” என்று பலமுறை சொன்னார். அவரைத் தேற்றிய பிறகுதான் விஷயத்துக்கு வர முடிந்தது.

“கதை எங்கட. துறைமுகம் எங்கட. விதி மட்டுந்தான் அவையின்ர,” என்றாள் இன்பமலர். “அதையும் நாங்களே எழுதுவம்.”

“சண்டைக்கு என்ன செய்யிறது?” லாபிர் கேட்டான்.

“அதுக்கும் பத்தும் பதினைஞ்சுந்தான்.”

“மந்திரம்?”

“மந்திரக்காரனுக்கு மந்திரம் பழகின வேலைதானே? பத்து.”

லாபிர் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டான். 

மூன்று நாளில் விதிகளை மூன்று பக்கத்தில் எழுதி முடித்தார்கள், தமிழில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. நிறுவனத்தின் சொற்கள் கதையில் எங்கெங்கே இருந்தனவோ அங்கெல்லாம் எடுத்துவிட்டுத் தங்கள் சொற்களைப் போட்டார்கள். குணரத்தினம் நினைவிலிருந்தே வரைபடத்தைத் திரும்பக் கீறினார். இந்த முறை ஆழ அளவு ஒன்றும் இல்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது பேனா பிடித்த விதத்திலேயே தெரிந்தது. இருபத்தெட்டாம் திகதி புத்தகம் பின்லாந்துக்குப் போனது. இரண்டாம் நாள் பதில் வந்தது: இது முந்தியதை விட நல்லது, அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் ஆனி நடுப்பகுதியில் வந்தே விட்டது. லாபிர் ஒன்பது பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருந்தான். இன்பமலர் மூலைக் கதிரையில் இருந்து நிதானமாக வாசித்தாள். நிறுவனம் எப்போது விரும்பினாலும் அனுமதியை மீளப்பெறலாம் என்றும், அப்படிப் பெற்றால் மிஞ்சிய பிரதிகளை அழித்துவிடவேண்டும் என்றும் ஏழாம் பக்கத்தில் இருந்தது. ஐந்து மாதம் இதற்காகவா இந்தக் கதிரையைத் தேய்த்தேன் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

“என்னக்கா, கையெழுத்து வைப்பமா?”

“பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்குது. குணரத்தினம் அண்ணைக்குக் கீறக் குடும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாபிரின் மனைவி அசனா தானும் விளையாட வருவதாகச் சொன்னாள். இரண்டு வருடம் பக்கத்து அறையில் தையல் மெசினோடு இருந்து சத்தத்தை மட்டும் கேட்டவள். தடித்த ஆங்கிலப் புத்தகங்களைத் தொட்டும் பார்த்ததில்லை. தமிழில் எழுதிய மூன்று பக்கத்தைக் குசினியில் அடுப்பருகே நின்றபடியே வாசித்து முடித்துவிட்டாள். முத்துக் குளிக்கும் பெண்ணாக வருகிறேன் என்றாள்.

இறங்குதுறையில் கடற்பாம்பு தலையெடுத்தபோது லாபிர் வாளை உருவினான். குணரத்தினம் ஓடப் பார்த்தார்.

“பொறுங்க,” என்றாள் அசனா. “அது ஏன் இங்க வந்து படுத்திருக்கு எண்டு நான் அதுக்கிட்டக் கேக்கப் போறன்.”

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் எந்தப் பாம்பிடமும் எதையும் கேட்டதில்லை. இன்பமலர் மூன்று பக்கத்தையும் ஒருமுறை புரட்டினாள். “பாம்போட கதைக்கிறது பழகின வேலையா, பழகாத வேலையா?”

“இவரோட ஒம்பது வருசம் கதைச்சிருக்கன். பழகினதுதான்.”

குணரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். பகடை பதினேழு விழுந்தது. ஏழு தலையும் ஒவ்வொன்றாக என்ன பதில் சொல்லும் என்று இன்பமலர் மளமளவென்று யோசிக்கத் தொடங்கினாள்.