டப்பாவுக்குள் புரண்ட கற்கள்

கொட்டாஞ்சேனையில் ஐறீனின் குசினிக்குப் பின்னால் அந்த மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவன் ஹியூபேட், பழைய தையல் மெஷின் மோட்டரைக் கொண்டு அதைச் செய்திருந்தான். இரண்டு ரப்பர் உருளைகளின் மேல் இறுக மூடிய டப்பா ஒன்று புரளும். இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றில் இருவருமாகப் பொறுக்கிய கற்களை ஐறீன் வெயிலில் பிடித்துப் பார்த்து, கண்ணாடித் துண்டில் கீறி இனம் பிரிப்பாள். கண்ணாடியைக் கீறாதவை பூச்சாடிக்குப் போகும். கோமேதகமும் படிகக்கல்லும் தண்ணீரோடும், கல் தேய்க்கும் கரும்பொடியோடும் டப்பாவுக்குள் போகும். வாரக்கணக்கில் புரண்டால்தான் மழமழப்பாகும்.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து, தமிழர் வீடுகளைச் சோதிக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சத்தமே அவளுக்குப் பயமாகிவிட்டது.

"கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவமே, ஹியூபேட்?"

"கல்லுத்தானே. ஆருக்கு என்ன?"

ஒரு காலை, அவன் வேலைக்குப் போன பிறகு, ஒழுங்கையைச் சோதித்துக்கொண்டு வந்த ஆமிக்காரரும் ஒரு பொலிஸ் சார்ஜனும் அந்தக் கடகடப்பைக் கேட்டு உள்ளே வந்தார்கள்.

"மொகக்த மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் சார்ஜன்.

"கல், மாத்தயா. பாலிஷ் பண்ணுறது," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

அவன் வயர்களைப் பார்த்தான். தகரப் பேணியிலிருந்த கரும்பொடியைப் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் மதிலுக்கு அப்பால் போகச் சொன்னான்.

"நீயே திற."

முற்றத்தில் அவள் தனியே முழங்காலில் இருந்தாள். உள்ளே கல்தான், அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசியாக டப்பாவை நிரப்பியவன் ஹியூபேட். அவள் அப்போது பூசைக்குப் போயிருந்தாள். 'இவர் வேறே ஏதாவது...' நினைப்பு வந்ததும் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள்.

மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று சீறியது. மதிலுக்குப் பின்னால் துவக்குகளை ஆயத்தமாக்கும் சடசடப்புக் கேட்டது. "யேசுவே!" என்று கத்தியபடி தலையைக் கவிழ்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நாட்கணக்கில் மூடிக் கிடந்ததில் அடைந்த காற்றுத்தான். உள்ளே சாம்பல் நிறச் சேறு. அதற்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்துக் குழாயில் கழுவிக் காட்டினாள். தேன் நிறத்தில் மின்னியது. சார்ஜன் அதை வாங்கிப் பார்த்தான், முகம் இளகவில்லை.

"பொடியைக் கொண்டு போறம். உன்ர மனுசன் ஸ்டேஷனுக்கு வரவேணும்."

ஹியூபேட் அன்று பின்னேரமே போனான். உடனே விடவில்லை. ஐறீன் ஸ்டேஷன் வாசலுக்கும் அந்தோனியார் கோயிலுக்குமாக அலைந்தாள். பொடியில் வெடிமருந்து இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் விட்டார்கள். அவனுடைய ஒரு காது வீங்கியிருந்தது. எப்படி என்று அவன் சொல்லவில்லை.

சாப்பாடு போடும்போது அவள் அடக்க முடியாமல் சொன்னாள்: "மூடியைத் திறக்கேக்க உங்களைச் சந்தேகப்பட்டனான்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பயத்தில வாறதுதானே," என்றான் கடைசியில். பிறகு, "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டான்.

அவள் அடுப்பை மூட்டினாள்.