உருமாறிக்கு விழுந்த வெட்டு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் அண்ணனுக்கு நன்றாகவே ஆடத் தெரியும். தங்கையிடம் தோற்கத்தான் தெரியாது. அதனால் அவன் கண்ணுக்கு விதிகள் கோணலாகத் தெரிந்தன.

விளையாட்டு என்று நான் சொல்வது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போவார்கள். வெட்டு விழுந்ததா, தாவியது எட்டியதா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஒரு விளையாட்டை நாங்களே உருவாக்கிப் புத்தகமாகப் போட இருந்தோம். அண்ணன் அச்சகம் வைத்திருக்கிறான். அவன் எழுதிய பாத்திரம் வாள்வீரன். கதையை நடத்துபவர் அவனுடைய நண்பர், பல் டாக்டர். மந்திரவாதியும் திருடனும் அவர் எழுதியவை. நான் எழுதியது உருமாறி, எந்த விலங்காகவும் மாறக்கூடிய பெண். பாத்திரம் எழுதிய மூவரின் பெயரும் அட்டையில் வரும் என்று பேச்சு. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். கூச்சப்படாமல் சொல்கிறேன், அட்டையில் என் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டேன். மூன்று வருஷம் உழைத்தவள் ஆசைப்பட்டால் தப்பா?

நான் கால்நடை மருத்துவர். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

அச்சகம் மூடிய பிறகு, பின்னறையில் காகிதம் மடிக்கும் மேசையில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை, தொங்குபாலத்தின் நடுவில் அரக்கன் ஒருவன் மறித்து நின்றான். அண்ணனின் வாள்வீரன் வெட்டினான், வெட்டினான், அரக்கன் அசையவில்லை. என் முறை வந்தது. எலியாக மாறிப் பாலத்தின் கயிற்றைக் கடித்தேன். அரக்கன் ஆற்றோடு போனான்.

அண்ணன் பகடையை மேசையில் விட்டெறிந்தான். "அப்போ என் வாள் எதுக்கு? வெங்காயம் நறுக்கவா?"

"நறுக்குண்ணே. எதுக்காவது ஆகட்டுமே."

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்காதீங்க டாக்டர். கரடியா மாறினா இவளுக்குக் கரடியோட உயிரு. கரடி செத்தா, இவ சொந்த உயிரு அப்படியே பத்திரமா இருக்கு. எனக்கு ஒரு உயிரு, இவளுக்கு ரெண்டா? இதுல பேலன்ஸ் எங்க இருக்கு?"

அதில் நியாயம் இருந்தது. ஒப்புக்கொண்டு கரடியின் உயிரைப் பாதியாக்கினேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது உறைக்கவில்லை. அடுத்த வாரம், நாளுக்கு ஒரு முறைதான் மாறலாம் என்றான். அதற்கடுத்து, பூனையைவிடச் சின்ன விலங்கு கூடாது என்றான். பிறகு பறவைகளும் போயின. கடைசியில் எனக்கு மிஞ்சியது ஆடு, மாடு, நாய் வகையறா. வெறும் மலையாட்டை வைத்துக்கொண்டே செங்குத்துப் பாறையில் ஏறி, வாள்வீரனுக்கு முன்னால் கோட்டைக்குள் நுழைந்தேன். அண்ணனின் காது சிவந்துபோயிற்று.

"தப்பு உருமாறி மேல இல்லண்ணே," என்றேன். "ஆடறது நான். எந்த மிருகம் எதுல நுழையும், எதைப் பாத்து மிரளும்னு எனக்குத் தெரியும். நாள் பூரா அதுங்களோடதானே கெடக்கறேன்? வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாரு. வெட்டறதுக்கு முன்னாடி இருந்ததை அப்படியே குடு."

"அதுவும் சரிதான்பா," என்றார் டாக்டர். "நமக்கு நாமளே எவ்வளவு நாள் பரீட்சை வச்சுக்கறது?"

முன்னறையில் ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டோம். அண்ணி இந்த விளையாட்டின் பக்கமே வந்ததில்லை. வெட்டுப்படாத உருமாறியின் தாள்களை அவர் கையில் கொடுத்தேன். மாளிகையின் நிலவறை, எதிரில் பூட்டிய கதவு, பின்னால் குட்டிப் பேய்கள்.

"நான் குதிரையாகலாமா? எனக்குக் குதிரைன்னா உயிரு."

"ஆகிட்டீங்க," என்றார் டாக்டர்.

"கதவைத் திறக்கறேன்."

"குதிரைக்குக் கை ஏதும்மா?"

"அப்போ அதுங்கள வெளிய போகச் சொல்றேன்."

"குதிரை பேசாதும்மா."

அண்ணி அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். அதற்குள் பேய்கள் குதிரையை மொத்தித் தீர்த்தன. பதறிப்போய் மீனாக மாறினார். சொட்டுத் தண்ணீர் இல்லாத நிலவறையில்!

"வழுக்கிட்டு ஓடிடலாம்னு நெனச்சேன்," என்றார் பாவமாக.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. நிரூபித்துவிட்டேனே!

"இப்பவாவது ஒத்துக்கறியா? இதுல அநியாய பலம் எங்க இருக்கு?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒத்துக்கறேன். உன் கையில இருந்தா மத்தவனுக்கு வேலை இல்ல. மத்தவங்க கையில இருந்தா அதுக்கே வேலை இல்ல. வச்சா குடுமி, சிரைச்சா மொட்டை. இப்படி ஒண்ணு புத்தகத்துல எதுக்கு?"

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். டாக்டரைப் பார்த்தேன். அவர் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"வழி இருக்குண்ணே," என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன். "ஆரம்பத்துல மூணே மிருகம் குடுப்போம். ஆடி ஆடிப் பழகினப்புறம் ஒண்ணொண்ணா சேக்கலாம். யார் வேணா ஆடலாம். நான் எழுதித் தரேன்."

"பாக்கலாம்," என்றான்.

என் அண்ணன் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டான். பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்தும் லீவு போட்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தான்.

புத்தகம் அச்சாகிவிட்டது என்று அண்ணிதான் சொன்னார். கிளினிக்கிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனேன். கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்தேன். அட்டையில் இரண்டு பெயர்கள். அண்ணனுடையதும் டாக்டருடையதும். உள்ளே வாள்வீரன், மந்திரவாதி, திருடன். உருமாறி இல்லை.

வாள்வீரனின் பக்கத்தை மட்டும் நின்று படித்தேன். ஆட ஆடப் பாத்திரம் படிப்படியாக உயரும். பத்தாம் படியை எட்டிய வாள்வீரன், வேண்டும்போதெல்லாம் ஓநாயாக மாறலாம். ஓநாய் விழுந்தாலும் வீரனின் உயிர் குறையாது. அதற்குக் கீழே, ஓநாய் இரையை எப்படி வளைக்கும், எந்தப் பக்கம் காற்று வீசினால் மோப்பம் பிடிக்கும் என்று அரைப்பக்கம். அத்தனையும் நான் எழுதியது.

"அண்ணே, இது என் ஓநாய்."

மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "வாள்வீரன் கொஞ்சம் வீக்கா இருந்தான்ல? நீயேதானே அவனைப் போட்டுப் பொரட்டி எடுத்தே? பேலன்ஸ் பண்ணணும்ல."

"ரெண்டு உயிரு அநியாயம்னு சொன்னது யாரு?"

"அது முதல் படியிலேயே இருந்தா அநியாயம். பத்தாம் படியில பரவாயில்ல. டாக்டரும் சரின்னுட்டாரு."

"என் வரியைக்கூட மாத்தலையே! மூணு வருஷம்ணே. உனக்கு மனசாட்சியே கெடையாதா?" இவன் முன்னால் அழக் கூடாது என்றுதான் நினைத்தேன், அழுதுவிட்டேன். முன்னறையில் அண்ணி தலை நிமிரவேயில்லை.

"அடடா, இதுக்குப் போய் அழுவாங்களா?" அண்ணன் துணியைப் போட்டுவிட்டு வந்தான். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அச்சுக் கோர்த்தவர், அட்டை வரைந்தவர், பைண்டிங் செய்தவர் என்று எல்லோருக்கும் நன்றி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: விலங்குகள் பற்றிய தகவல், ஆசிரியரின் தங்கை.

"பாத்தியா?" என்றான், முதுகில் தட்டி. "உன்னை விட்டுடுவேனா?"