லைன் கிளியர் இல்லாமல் வந்த வண்டி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா, காளான் பிரட்டலை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எங்க வீட்ல இத தொடமாட்டோம்லா. மாமியார் காலத்து உத்தரவு" என்றார். ஏன் என்று கேட்டேன். பாயசம் வருவதற்குள் கதை முழுதும் வந்துவிட்டது.

அந்த மாமியார் பெயர் இராஜம்மா. 1934இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில், ஒரு மூடிய கதவுக்கு வெளியே நின்றவர். கதையோ கதவுக்கு உள்ளே நடந்தது. ஆக, வெளியே நின்றவர் சொன்னதை மருமகள் சொல்ல, பாதிக் கவனத்தைப் பாயசத்தில் வைத்திருந்த ஒருவன் எழுதுகிறான். எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு.

2

முதல் தொடக்கம்: "ஜப்பான்காரன் வருவதற்கு இன்னும் ஏழு வருடம் இருந்த அந்தக் காலத்தில்..." (அடித்துவிட்டேன். காளான் கதையில் ஜப்பான்காரனுக்கு என்ன வேலை?)

இரண்டாவது: "இடி முழங்கிய மறுநாள், மண்மகள் தன் வெண்கொற்றக் குடைகளை விரித்து..." (சாப்பிடாமல் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வரும்.)

மூன்றாவது: பவுனம்மாள் காளான் பறித்தாள்.

இது போதும்.

பவுனம்மாள் கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவள். இடி இடித்தால் புற்றடியில் காளான் முளைக்கும், அதை மிளகு போட்டு வதக்கினால் ஆட்டுக்கறி தோற்கும் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு வருடம் முன்பு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். இங்கே புற்று இல்லை. பால்காரர்களின் மாடுகள் மேயும் திடல் இருந்தது. மழை விட்ட காலையில் அங்கே குடை குடையாக நின்றதைப் பார்த்தாள். சாணிக்குப் பக்கத்தில் நின்றால் என்ன, குடை குடைதானே என்று மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரன் பக்கிரிசாமி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிட்டு வண்டிகளுக்கு வழிகாட்டும் பாயிண்ட்ஸ்மேன். இரவு வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, பதினோரு மணிக்கு மொத்தத்தையும் ரசித்துச் சாப்பிட்டான். சட்டியை வழித்து இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது வெங்காயம். புருஷன் சாப்பிட்ட பிறகுதான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தால் ஒரு பெண்ணுக்கு நன்மை நடந்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான்.

3

முதலில் சிரிப்பு வந்தது. பக்கிரிசாமி சிரிக்கிற ஆளே இல்லை. அன்றைக்குச் சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"மயிலு மூச்சு விடுது பவுனு."

பவுனம்மாளும் சேர்ந்து சிரித்தாள். மயிலுக்குப் பிறகு சுவர் மூச்சு விட்டது, தரை விட்டது. அதோடு சிரிப்பு நின்றுபோனது. அவன் எழுந்து மூலையோடு ஒட்டிக்கொண்டான்.

"வண்டி வருது. நம்ம வீட்டுக்குள்ள வருது. நான் போயி நிறுத்தணும்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டு வாசலிலிருந்து தண்டவாளம் இருபது அடி.

பவுனம்மாள் நீங்களும் நானும் செய்திருக்கக்கூடியதையே செய்தாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "ஐயோ, என்னாச்சு உங்களுக்கு!" என்று அலறினாள். உடனே அவனும் அலறினான். அவள் அழுதாள். அவன் அவளைவிட உரக்க அழுதான். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. தன் முகத்தில் இருக்கும் பயம்தான் அவனுக்குள் இரண்டு மடங்காக இறங்குகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல மெதுவாக, "ஒண்ணுமில்லங்க. காளான் சரியில்ல, அதான். கொஞ்ச நேரத்துல எறங்கிடும்" என்றாள்.

இறங்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொன்னாள்.

4

இராஜம்மாவைப் பற்றி எனக்கொரு சந்தேகம். பந்தியில் கேட்ட கதையில் எல்லாவற்றையும் சமாளித்தவர் இராஜம்மாதான். மருமகளே இப்படிப் புகழ்கிறார் என்றால் ஒன்று அது உண்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாமியார் அந்தக் கல்யாண மண்டபத்தில் எங்கேயோ படமாக மாட்டப்பட்டிருக்க வேண்டும். நான் எழுதும் இராஜம்மா அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து, வாசலிலேயே தீர்ப்புச் சொல்கிறார்.

"என்னடி, மாபோக்கா இருக்காரா? காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போயிட்டாரா?"

"கள்ளு இல்லக்கா. காளான் தின்னாரு."

"காளான் தின்னா யாரு இப்படி மாபோக் ஆவா? இது காத்து கருப்பு. வேப்பிலை ஒடிச்சிட்டு வரேன், நாலு அடி போட்டா எறங்கிடும்."

"அடிச்சா இன்னும் பயந்துருவாருக்கா. நீங்க டிரஸ்ஸர்கிட்ட ஓடுங்க. இந்தாங்க, சமைக்காம மிச்சம் இருந்த ஒண்ணு. இதக் காட்டிக் கேளுங்க."

இலையில் மடித்த காளானோடு இராஜம்மா ஓடினார். ரயில்வே மருத்துவ அறையில் டிரஸ்ஸர் தம்புசாமி, கை நசுங்கிய ஒருவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காளானை முகர்ந்து பார்த்தார்.

"மாட்டுத் திடல்ல பறிச்சதா? இது தலைக்கு ஏறுற வகை மாதிரி இருக்கு. மாதிரிதான், சத்தியம் பண்ண மாட்டேன். வாந்தியோ வயித்து வலியோ கண்டா எனக்குக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. தனியா மட்டும் விடாதீங்க, வெளியவும் விடாதீங்க. கூட்டம் கூடாது. முறிக்கிறேன்னு கள்ளு கிள்ளு குடுத்துடாதீங்க. இவன ஆஸ்பத்திரியில சேத்துட்டு வரேன்."

இராஜம்மா இதை ஒரு சொல் விடாமல் கொண்டுவந்து சேர்த்தார். அதற்காக அவருடைய வேப்பிலையை மன்னித்துவிடுகிறேன்.

(அடிக்குறிப்பு, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: பவுனம்மாளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. தின்ற அன்று சும்மா இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்து ஈரலைக் கெடுக்கும் காளான்களும் உண்டு. அவற்றிடம் அன்பான பேச்சு பலிக்காது. பேர் தெரியாத காளானைத் தின்றுவிட்டவர்கள் வாந்தி வரும் வரைகூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மிச்சக் காளானோடு. என் கதையைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.)

5

உள்ளே பவுனம்மாள் கதவைத் தாழிட்டாள். அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கண் கூசுகிறது என்று அவன் சொன்னதால் ஜன்னலில் புடவையைக் கட்டினாள். வாய் நனைக்கத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கையைப் பிடித்தாள்.

ஆனால் வண்டி வந்துகொண்டே இருந்தது. "சிவப்புக் கொடி எங்க? நான் போகணும்" என்று அவன் எழுந்து எழுந்து கதவுக்குப் போனான். மூன்றாவது தடவை அவனைத் திருப்பிக் கூட்டிவந்தபோது, அவளுக்கு இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை வந்தது. (பந்தியில் இது இல்லை. நானே போட்டது. பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.)

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. டிரைவர் கைக்கு ஒரு பெரிய வளையம் வர வேண்டும், அதில் டோக்கன் இருக்கும். அதுதான் லைன் கிளியர். வளையம் ஸ்டேஷனிலேயே இருந்தால் எப்பேர்ப்பட்ட வண்டியும் அங்குலம் நகராது. பக்கிரிசாமியின் பிழைப்பே அந்த வளையத்தைத் தூக்கித் தூக்கிக் கொடுப்பதுதான்.

பவுனம்மாள் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்து பிரிமணையை உருவினாள். பானை உருளாமல் இருக்க வைக்கும் கயிற்று வளையம் அது. அவன் கையில் கொடுத்தாள்.

"டோக்கன் உங்க கையில இருக்கு. நீங்க லைன் கிளியர் குடுக்காம வண்டி எப்படிங்க வரும்?"

அவன் பிரிமணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோளில் மாட்டிக்கொண்டான்.

"வராது" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

மணி ஒன்று, இரண்டு, மூன்று. வண்டி வரவில்லை. அவன் அழுதபோது அழ விட்டாள், பேசியபோது "ம்" கொட்டினாள். இப்படியே முடித்துவிட எனக்கு ஆசைதான்.

6

மூன்று நாற்பதுக்கு ஒரு வண்டி உண்டு. நிஜ வண்டி. பவுனம்மாள் மறந்துபோனாள், நானும் மறந்துபோனேன்.

தூரத்தில் விசில் கேட்டது. தரை அதிர்ந்தது. பக்கிரிசாமி தோளிலிருந்த வளையத்தைப் பார்த்தான்.

"டோக்கன் எங்கிட்ட இருக்கு. ஆனா வண்டி வருது." வளையத்தைத் தோளிலிருந்து கழற்றினான். "அப்ப நான் பாயிண்ட்ஸ்மேன் இல்ல. நான் யாரு பவுனு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அது யாரு?"

"நீங்கதாங்க..."

"அவன் பேரு என்ன?"

இதுவரை நான் பக்கிரிசாமி, பக்கிரிசாமி என்று தாராளமாக எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கென்ன, அவன் என் புருஷனா? பவுனம்மாள் அந்தப் பேரை வாழ்க்கையில் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். வீட்டுப் பதிவேடு எழுத வந்த கிராணி கேட்டபோதுகூட இராஜம்மாவைச் சொல்ல வைத்தாள். தெருவில் மயிலிறகோடு வரும் பக்கிரியையே "அந்தப் பச்சைத் தலைப்பாக்காரர்" என்பாள். பிள்ளை பிறந்திருந்தால் இன்னாரோட அப்பா என்று தப்பித்திருக்கலாம். இன்னும் பிறக்கவில்லை.

அவன் எழுந்து கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தான். "பேரு இல்லாதவனுக்கு வீடு எதுக்கு?" என்றான்.

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இருபது அடியில் தண்டவாளம்.

கதவுக்கு வெளியே நின்ற இராஜம்மாவுக்கு இதுவரை கேட்டது. அதற்குள் வண்டி வீட்டை ஒட்டிக் கடந்தது. இரும்புச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

7

வண்டி போனதும் கதவு திறந்தது. பக்கிரிசாமி வியர்த்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தான். "காப்பி இருக்கா?" என்றான். டிரஸ்ஸர் வந்து நாடி பார்த்து, இன்றைக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்.

"என்னடி சொன்ன அவருகிட்ட?" என்று இராஜம்மா கேட்டார்.

"வண்டிச் சத்தத்துல எனக்கே கேக்கலக்கா."

அவன் எழுபத்தொரு வயது வரை இருந்தான். "இவ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா தொண்ணூறு இருந்திருப்பாரு" என்று இராஜம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பவுனம்மாள் பேரைச் சொல்லிவிடுகிறாள். இன்னொன்றில் சொல்லவில்லை, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள், அதுவே போதுமாக இருக்கிறது. மூன்றாவதில் அவனுக்கே ஞாபகம் வந்து (இதைப் பாதியிலேயே விட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது).

முதலாவதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பேரை அவள் வாயில் வைத்து எழுத என் கை வரவில்லை. அவள் என்ன கொடுத்து அவனை மீட்டாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும், அதை நான் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால் இந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். தாழ்ப்பாள் பாதி விலகிவிட்டது, எஞ்சின் வாசலுக்கு வந்துவிட்டது, பவுனம்மாள் வாயைத் திறந்துவிட்டாள்:

"...................!"

பேர் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அவன் புருஷன் இல்லை, ஆயுசு குறையாது. உரக்கவே சொல்லுங்கள், வண்டி போய்க்கொண்டிருக்கிறது.