குணசீலனின் தங்கப் பெயர்

நாமக்கல் முட்டை வியாபாரி குணசீலனுக்குப் புதுமனை அழைப்பிதழில் தன் பெயர் மட்டும் தங்க மையில் மின்ன வேண்டும். அதற்கு அச்சில் தனித் தகடு வேண்டும். அந்தத் தகட்டைப் பிரித்துக் காட்டுவதற்காக அச்சக ஷாலினி கணினியில் அந்தப் பெயருக்கு அடர் ரோஸ் கொடுத்து, ‘ரோஸ் இருக்குமிடத்தில் தங்கம் வரும்’ என்று எழுதி, மாதிரியை அனுப்பினாள். ‘ஓகே’ வந்தது. பெரிய மனிதர்களுக்குப் படிக்க நேரமேது?

அச்சு ஓடும்போது அவரே வந்து நின்றார்.

“தங்கமெல்லாம் பழசு சாமி. அந்த ரோஸ் மாதிரியை ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பிட்டேன். இப்படி யாருமே அடிச்சதில்லைன்னு ஒரே பாராட்டு. ரோஸ்தான ஓடுது?”

உள்ளே இயந்திரம் தங்கத்தில் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தகடு அதேதான். மையைத்தான் மாற்ற வேண்டும்.

“ஆமாங்க, ரோஸ்தானுங்க” என்றபடி ஷாலினி ரோஸ் மை டப்பாவைத் தேடி உள்ளே ஓடினாள்.