சூளையில் குறைந்த எடை

ஜவுளிக்கடை வைத்திருந்த ஜலாலுதீன், சதுரங்கப்பட்டினத்துச் சுண்ணாம்புச் சூளையை அந்த வருஷம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். பத்து மூட்டை கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தால் தராசில் ஆறு மூட்டை எடைகூட நிற்கவில்லை. சூளை பார்க்கும் சின்னராசுவைப் பிடித்துக்கொண்டார்.

“மீதி எங்கடா?”

“சுட்டா கொறையும் பாய். எப்பவும் அப்டித்தான்.”

“கொறஞ்சது இன்னா, காத்துல பறந்துச்சா?”

கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்த சின்னராசுவின் பெண்டாட்டி செங்கம்மாள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

“திருட்டுப்பய! சாம்பப் பள்ளத்துல பதுக்கி வெச்சிகீற.”

அத்தனை ஆட்கள் முன்னால் அந்தச் சொல் விழுந்ததும் செங்கம்மாளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. சாம்பல் பள்ளத்தை ஒட்டிய பக்கத்துச் சூளை எரிந்துகொண்டிருந்தது. காற்று துளியும் இல்லை. அந்த நேரத்தில் பள்ளத்தில் இறங்கினால் தலை சுற்றும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“எறங்காதய்யா!” என்று அவள் கத்துவதற்குள், எதையும் பதுக்கவில்லை என்று காட்டச் சின்னராசு குதித்துவிட்டான். குனிந்து சாம்பலைக் கிளறியவன் அப்படியே முகங்குப்புறச் சாய்ந்தான்.

“நடிக்காதடா,” என்றார் ஜலாலுதீன். அவன் அசையவில்லை.

செங்கம்மாள் பாய்ந்தாள். கூட வேலை செய்யும் பொன்னி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “உடுடீ, என் புருசன் சாவுறாரு!” மண்ணை அள்ளி ஜலாலுதீன் முகத்தில் வீசினாள். “நீ எறங்கு! நீதான தேடுன!”

அவர் செருப்பைக் கழற்றி வீசினார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார். சின்னராசுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, மேலே நின்றவர்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்கள்.

கிளிஞ்சல் லாரியிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் செங்கம்மாள் அவன் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தாள். மூச்சு நூலாக வந்தது. சில சமயம் அதுவும் வரவில்லை.

“கிளிஞ்சல் சுடும்போது ஒரு வாயு பிரியும்,” என்றார் டாக்டர். “காத்தைவிட கனம். பள்ளத்துல தேங்கிடும். எதுவும் தொலையல பாய். சுண்ணாம்பையும் அந்த வாயுவையும் சேர்த்து நிறுத்தா நீங்க போட்ட கிளிஞ்சல் எடை வந்துடும்.”



மறுநாள் சின்னராசு கண்ணைத் திறந்தான். செங்கம்மாளை அடையாளம் தெரிந்துகொள்ளவே வெகுநேரம் பிடித்தது. மன்னிப்புக் கேட்க வாசலில் வந்து நின்ற ஜலாலுதீனை அவள் உள்ளே விடவில்லை.

“இங்க வாணாம் பாய். எல்லாரும் கேக்க திருடன்னு சொன்ன. சூளையாண்ட வந்து, எல்லாரும் கேக்க சொல்லு.”

அவர் தலையசைத்தார். சொன்னபடி சூளையடிக்கு வந்து, ஆட்கள் கூடியிருக்க, அவனைத் திருடன் என்றது தன் தப்பு என்று சொன்னார். ஆனால் அந்த வாயுவால் சின்னராசுவுக்கு வந்த கை நடுக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.