பதினேழாம் மனையின் இரண்டு வீடுகள்

தருவைக்குளம் சாலையில், உப்பளங்களுக்கு இப்பால் போட்ட மனைப்பிரிவில், பதினேழாம் மனை மொத்தம் ஐந்து சென்ட். அதில் ஐந்து சென்ட் சீனித்தாய்க்குச் சொந்தம், ஐந்து சென்ட் சாரங்கபாணிக்குச் சொந்தம். இருவருடைய வீடும் அதில் முழுசாக நிற்கின்றன. தெற்குக் கேட்டைத் திறந்தால் சீனித்தாயின் மாடி வீடு. வடக்குக் கேட்டைத் திறந்தால் சாரங்கபாணியின் ஓட்டு வீடு. கிழக்குத் தெருவில் தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு மாடியும், வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு ஓடும் தெரியும். மூலைக்கற்கள் நான்கும் இருவருக்கும் பொது.

சீனித்தாய் உடன்குடிப் பக்கத்துக்காரி. கணவர் இறந்த பிறகு தூத்துக்குடியில் தனியாளாக மளிகைக் கடை நடத்தி, பதினான்கு வருஷம் வாடகை வீடுகளில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டுக் குடியிருந்தவள். சாரங்கபாணி தென்திருப்பேரையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, முழங்கால் மடங்காத மனைவி அலர்மேல்மங்கையோடு வந்தவர். 2014இல் ஒரு தரகர் அந்த மனையைத் திங்கட்கிழமை இவளுக்கும் வியாழக்கிழமை அவருக்கும் கிரயம் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். விஷயம் தெரியாமல் இருவரும் ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். சீனித்தாயின் ஆட்கள் தெற்குக் கல்லிலிருந்து வடக்குக் கல் வரைக்கும் தோண்டினார்கள். சாரங்கபாணியின் ஆட்கள் வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும். ஒருவர் மண்வெட்டி மற்றவர் கண்ணில் படவில்லை. சாயங்காலம் கிழக்குத் தெருவில் கூலி கொடுக்க நின்றபோதுதான் இரு பத்திரங்களும் சந்தித்தன.

“சாரே, இது எம் மனை. வேற எங்கயோ பாத்து வந்துருக்கிய” என்றாள் சீனித்தாய்.

“நாலு எல்லையும் படிச்சுப் பாருங்கோம்மா. எனக்கும் இதேதான் எழுதியிருக்கு” என்றார் அவர்.

படித்துப் பார்த்தாள். கால்புள்ளிகூட மாறவில்லை. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், செத்தாலும் இந்த மண்ணை விட்டு இறங்குவதில்லை என்று. மறுநாளே வழக்குப் போட்டாள். அவரும் போட்டார். வழக்கு ஒரு பக்கம் நடக்க, சுவர்கள் ஒரு பக்கம் எழும்பின. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் நேசக்குமார் சங்கிலியோடு வந்து தெற்கிலிருந்து அளந்தார், ஐந்து சென்ட். வடக்கிலிருந்து அளந்தார், ஐந்து சென்ட். வெளியே சுற்றி அளந்தார், அப்போதும் ஐந்துதான். “யக்கா, இத நான் என்னன்னு எழுத?” என்று கேட்டார். “உள்ளத எழுதுங்க தம்பி” என்றாள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது வருஷம் ஒரு வாய்தா விடாமல் கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று வக்கீல் சொன்னபோது, “அரை வீட்டுல எவன் குடியிருப்பான்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். சாரங்கபாணியும் அவருடைய வக்கீலிடம் அதையே சொன்னதாகக் கேள்வி. இருவரும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

2023 மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. குளங்கள் உடைந்து காலையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் போயிற்று. சீனித்தாய் அரிசி மூட்டையை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு வடக்கே பார்த்தாள். வடக்குத் தெருவில் சாரங்கபாணி கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

“யாராவது வாங்கோளேன்! அலமேலு கட்டில்ல கிடக்கா, அவளால எழுந்துக்க முடியலை!”

அவள் யோசிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். தெற்குக் கேட்டைத் திறந்து, தெருவைச் சுற்றி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வடக்குக் கேட்டுக்கு வந்தாள். முதன்முறையாக அதற்குள் காலை வைத்தாள். தன் வீடு நின்ற இடத்தில் தன் வீடு இல்லை. துளசி மாடம் முங்கியிருந்தது. உள்ளே மெத்தையோடு சேர்ந்து நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே சுற்றிப் போய், அதே ஐந்து சென்ட்டுக்குள் நுழைந்து, தன் மாடியில் இறக்கினாள். பின்னாலேயே வந்த சாரங்கபாணி படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

மூன்று நாள் மூவரும் அந்த மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே கஞ்சி குடித்தார்கள். மூன்றாம் நாள் சாரங்கபாணி, “கேஸை நான் வாபஸ் வாங்கிக்கறேன். மனை உங்களோடதுதான்” என்றார்.

சீனித்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “என்னத்துக்கு வாபஸ்? நான் ஒம்பது வருசம் அலைஞ்சது விட்டுக்குடுக்கவா? ரெண்டு பத்திரமும் செல்லும்னு எழுதி வாங்காம நான் ஓய மாட்டேன். நீங்களும் கூட வாரிய.”

வழக்கு ஒன்றானது. அடுத்த வருஷம் நீதிபதியே நேரில் வந்தார். தெற்கு வாசலில் நுழைந்து கருப்பட்டிக் காப்பி குடித்தார். சுற்றிப் போய் வடக்கு வாசலில் நுழைந்து டிகிரி காப்பி குடித்தார். இரண்டு கிரயமும் செல்லும், ஒன்றுக்கொன்று ஆக்கிரமிப்பு இல்லை என்று தீர்ப்பு எழுதினார். வரைபடத்தில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு பட்டா எண்கள் விழுந்தன. கூட்டிப் பார்த்தால் மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு ஐந்து சென்ட் உதைத்தது. கிராம நிர்வாக அலுவலர் அதைப் பென்சிலால் குறித்து வைத்தார், யாரும் கேட்கவில்லை.

போன மாதம் சமையல் வாயு கொண்டுவந்த புதிய ஆள், தெற்கு வாசலில் சிலிண்டரை இறக்கிவிட்டு, சாரங்கபாணி வீடு எது என்று கேட்டான்.

“இதான்” என்றாள் சீனித்தாய். “அங்கன சுத்தி வடக்க வாங்க.”

அவன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான்.