விட்பியில் பிடுங்கிய காளான்

அந்தப் புரட்டாதியில் ஒரு கிழமையாக விட்டுவிட்டுப் பெய்த மழை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஓய்ந்தது. சூசைதாசனின் அக்கா பிலோமினா விட்பி நகரில் வாங்கிய புதுவீட்டை ஆசீர்வதிக்க அன்றைக்குத்தான் சுவாமியார் வந்திருந்தார். ஸ்காபரோவிலிருந்து வந்த சனம் வீட்டை நிறைத்திருந்தது. புதுப் பெயின்ற் மணமும் றோல்ஸ் பொரித்த மணமும் கலந்து கிடந்த வீட்டில் ஆட்கள் மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக, அலுமாரிக் கதவுகளைத் திறந்து பார்ப்பதுமாக இருந்தார்கள்.

சூசைதாசனின் மனைவி அன்ரனெற் பின்கதவால் வெளியே வந்தாள். அவளுக்கு யாரோடும் கோபமில்லை. குசினியில் ஒரு பெண் அவளுடைய கையைப் பிடித்து, "தங்கச்சியின்ரை விசயம் கேள்விப்பட்டனாங்கள்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கியிருந்தாள். அன்ரனெற்தான் அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது. தடவி முடிந்த பிறகு அங்கே அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

தங்கை ஜெனாட் பங்குனி மாதம் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளத்தில் ஏறியவள். வள்ளம் கவிழ்ந்தது. சிலரைக் கடல் திருப்பித் தந்தது, ஜெனாட்டைத் தரவில்லை. செய்தி ரெலிபோனில் வந்தபோது அன்ரனெற் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "சரி" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை அது. அன்றைக்கு அவள் ஒரு மூடியையும் பழுதாக்கவில்லை என்று சூப்பர்வைசர் பிறகு எல்லாருக்கும் சொன்னான், அதிசயம் மாதிரி.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டுவதும் நின்றுபோனது. சூசைதாசன் வேலை முடிந்து வரும் வழியில் பிளாசாக் கடைகளில் இடியப்பமோ கொத்துரொட்டியோ வாங்கி வருவான். அவள் கோப்பையில் போட்டு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை மூடி வைப்பாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். அவன் சில மாதங்களுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

பிலோமினாவின் வீட்டுக் காணி முடிகிற இடத்தில் கம்பி வேலி. வேலிக்கு அப்பால், இன்னும் வீடு கட்டாத காடு. வேலியில் ஒரு இடம் வளைந்து கிடந்தது. அன்ரனெற் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதால் நுழைந்தாள். ஏன் போனாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். சத்தம் குறைவாக இருந்தது என்பதைத் தவிர அவளிடம் காரணம் இருக்கவில்லை.

ஓக் மரங்களின் கீழே, ஊறிப்போன இலைகளுக்கு நடுவில், அவை நின்றன. வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி அழுக்கில்லாமல். சில முட்டை மாதிரி அப்போதுதான் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தன. சில விரிந்து குடையாகிவிட்டன. மன்னாரில் மாரிமழைக்குப் பிறகு அவள் பிடுங்கியதும் இப்படித்தான் இருந்தது. அவள் குந்தினாள். விரல்களைக் காம்பில் வைத்து ஆட்டி, மண்ணுக்கு மேலே முறித்தெடுத்தாள். பிறகு இன்னொன்று. மழை வந்தால் தலையில் போடக் கொண்டுவந்த பிளாஸ்ரிக் பை, சேலைக்கு மேலே போட்டிருந்த ஜக்கற்றின் பொக்கற்றில் இருந்தது. அதை விரித்து நிரப்பினாள். கைகள் அவளைக் கேட்காமலே வேலை செய்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே சூசைதாசன் அவளுடைய மடியைப் பார்த்தான்.

"உதென்ன பைக்குள்ளை?"

"காளான்."

"எங்காலை?"

"மச்சாள் வீட்டுக்குப் பின்னாலை. காட்டுக்கை."

"சமைக்கப் போறீரோ?"

"ஓம்."

வெக்ஸ்போர்ட்டுக்கு வந்ததும் அவன் காரை அப்பார்ட்மென்ருக்குத் திருப்பாமல் கடைக்கு விட்டு, ஒரு தேங்காய்ப்பால் ரின்னும் பச்சைமிளகாயும் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவள் காளானைக் கழுவிக் கையால் கிழித்தாள். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காளானைப் போட்டு வதக்கி, பாலை விட்டாள். மாவைக் குழைத்துப் புட்டும் அவித்தாள். சூசைதாசன் குசினி வாசலில் நின்று பார்த்தபடி இருந்தான். மேசையில் அவனுடைய கோப்பையை மட்டும் வைத்தபோது, "நீர்?" என்றான்.

"பசிக்கேல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவன் சாப்பிட்டான். மறுபடியும் போட்டுச் சாப்பிட்டான். கடைசியில் தாச்சியில் ஒட்டியிருந்ததையும் புட்டைப் போட்டுப் பிரட்டி வழித்துச் சாப்பிட்டான். "நல்லாயிருக்கு" என்றான். அவள் தாச்சியைக் கழுவி வைத்தாள்.

திங்கட்கிழமை விடிய வேலைக்கு எழும்பியவன் குளியலறைக்குள் போய் வெளியே வரவில்லை. சத்தியும் வயிற்றோட்டமும் மாறி மாறி வந்தன. தண்ணீர் குடித்தால் தண்ணீரே திரும்பி வந்தது. பிளாசாவில் இருந்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயிற்றுக் காய்ச்சல், இப்போது ஊரெல்லாம் இருக்கிறது என்று சொல்லிக் கரைத்துக் குடிக்கத் தூள் கொடுத்து அனுப்பினார். என்ன சாப்பிட்டான் என்று அவர் கேட்டார்தான். "புட்டும் கறியும்" என்று சூசைதாசனே சொன்னான்.

மறுநாள் பின்னேரம் எல்லாம் நின்றுவிட்டது. அவன் கட்டிலில் எழும்பி இருந்து தேநீர் கேட்டான். நாளைக்கு வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னான். புதன்கிழமை அவள் வேலையால் வந்தபோது அவன் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தான். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சள்.

"செங்கமாரி போல கிடக்கு" என்று அவன் சொன்னான். நாக்குத் தடித்தவனைப் போல மெதுவாகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு இளம் பெண் டொக்டர் வந்து அன்ரனெற்றுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிலோமினாவும் விட்பியிலிருந்து வந்துவிட்டாள். டொக்டர் ஆங்கிலத்தில் கேட்பதைப் பிலோமினா தமிழில் திருப்பிக் கேட்டாள். கடைசியாக என்னென்ன சாப்பிட்டான், ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். அன்ரனெற் சொல்லிக்கொண்டு வந்தாள். காளான் என்று சொன்னதும் டொக்டர் தலை நிமிர்ந்தாள். எந்தக் கடையில் வாங்கியது?

"கடையிலை இல்லை. காட்டிலை" என்றாள் அன்ரனெற்.

பிலோமினா உடனே மொழிபெயர்க்கவில்லை. "எந்தக் காட்டிலை?" என்று அவளே கேட்டாள்.

"உங்கடை வீட்டுக்குப் பின்னாலை."

டொக்டர் அடுத்துக் கேட்டது, வேறு யார் சாப்பிட்டது என்று. நீங்கள் சாப்பிட்டீர்களா? அன்ரனெற் இல்லை என்று தலையாட்டினாள். டொக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிலோமினாவும் பார்த்தாள். பிறகு டொக்டர் விளக்கினாள். தான் நினைக்கும் நச்சு வகையாக இருந்தால் ஈரலை அழித்துவிடும். நடுவில் சுகமானதுபோல் காட்டுவதும் அதன் குணந்தான். காளானில் மிச்சம் இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் அதே இடத்தில் நிற்பதை, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகம் உடையாமல், கிண்டிக்கொண்டு வர வேண்டும். பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்.

வியாழக்கிழமை காலை இருவரும் அந்த வேலிக்குள் நுழைந்தார்கள். பிலோமினா றபர் சப்பாத்தும் கையில் ஒரு குசினிக் கத்தியுமாக முன்னால் போனாள். தூறிக்கொண்டிருந்தது. ஞாயிறு நின்றவை அழுகிச் சரிந்து கிடந்தன. பக்கத்திலேயே புதிதாக நாலைந்து வந்திருந்தன, முந்தியதைவிட வெள்ளையாக. அன்ரனெற் குந்திக் கத்தியால் சுற்றிவரக் கிண்டினாள். காம்பின் அடியில், மண்ணுக்குள், ஒரு வெள்ளைப் பை கிண்ணம் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மேலே முறித்ததால் அவள் அதைக் கண்டிருக்கவில்லை.

"அன்ரனெற், ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடாது" என்றாள் பிலோமினா.

"கேளுங்கோ மச்சாள்."

"நீர் ஏன் சாப்பிடேல்லை?"

"பசிக்கேல்லை."

"அது டொக்டருக்குச் சொன்ன மறுமொழி. எனக்குச் சொல்லும்."

அன்ரனெற் கிண்டுவதை நிறுத்தி யோசித்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ப் பார்க்க, அங்கே கைகளும் தாச்சியும் தண்ணீரும் இருந்தன. அவள் இருக்கவில்லை.

"வேறை மறுமொழி இல்லை மச்சாள். நான் கனநாளா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சு செய்தவளோ எண்டு கேக்கினம்."

"ஆர்?"

"ஆர் எண்டில்லை. நானுந்தான்."

"தெரியாது" என்றாள் அன்ரனெற். காளானை ஈரக் கடதாசியில் வைத்துச் சுற்றினாள். "நஞ்செண்டு தெரிஞ்சிருந்தா, நான்தான் சாப்பிட்டிருப்பன்."

நேரம் என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். பிலோமினா குனிந்து கத்தியை அவளிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டாள். அன்ரனெற்றின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன்னுடைய கோட்டு விளிம்பால் மண்ணைத் துடைத்துவிட்டாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"இண்டையிலிருந்து நீர் என்னோடைதான்" என்றாள். "தனிய வீட்டை போகக் கூடாது."

காளானைப் பார்த்தவர் டொக்டர் பயந்தது சரிதான் என்று சொன்னார். சூசைதாசனுக்கு ஊசியால் மருந்து ஏறிக்கொண்டேயிருந்தது. ஈரல் மாற்ற வேண்டி வரலாம் என்று வேறொரு டொக்டர் வந்து பேசிவிட்டுப் போனார். அவன் நித்திரையா மயக்கமா என்று தெரியாமல் கிடந்தான். ஒருமுறை கண்ணைத் திறந்து அன்ரனெற்றை யாரென்று கேட்டான். அவள் தன்னுடைய பெயரைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பிலோமினா வெளியே ஓடிப்போய் அழுதாள். அன்ரனெற் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவனுடைய மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நின்றால் தனக்கு என்ன நடக்கும் என்று யோசிக்க முயன்றாள், ஒன்றும் தோன்றவில்லை. மூச்சு நிற்காமல் இருந்தபடியால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரல் மாற்ற வேண்டி வரவில்லை. கிழமை முடிய இரத்தச் சோதனை முடிவுகள் மெல்ல மெல்லச் சீராகின. அவன் தப்பியதற்கு டொக்டர்களுக்கே சரியான காரணம் தெரியவில்லை. இன்னும் ஒரு கரண்டி கூடச் சாப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று ஒரு தாதி சொன்னாள்.

அவனுக்குப் பேச்சுத் தெளிந்த அன்று பின்னேரம் அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள்.

"அக்கா எல்லாம் சொன்னவ" என்றான்.

"ம்."

"காட்டுக்கை நீர் சொன்னதையும்."

அவள் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"எனக்குக் காளான் பிடிக்காது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாதே."

"சின்னனிலையிருந்தே பிடிக்காது. வழுவழுவெண்டு தொண்டைக்குள்ளை போறது அரியண்டம்."

"பின்னை ஏன் சாப்பிட்டனீங்கள்? தாச்சியையும் வழிச்சனீங்கள்."

"நீர் எத்தினை மாசத்துக்குப் பிறகு சமைச்சனீர்" என்றான் அவன்.

இந்த இடத்தில் அழ வேண்டும் என்று அன்ரனெற்றுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள். அழுகை வரவில்லை. அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்கா உமக்கு ஒரு டொக்டரைப் பார்த்து வைச்சிருக்கிறாவாம். போம்" என்றான். "எனக்காண்டியெண்டு போகாதையும். சும்மா போம்."

"சரி" என்றாள்.

அவள் போனாள். கிழமைக்கு ஒருநாள், ஒரு சின்ன அறையில், ஒரு மணித்தியாலம். முதல் சில தடவை ஒன்றும் பேசவில்லை. பிறகு தொழிற்சாலையைப் பற்றிப் பேசினாள்.

கார்த்திகையில் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தாள். வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் இந்தக் காளானால் இப்படி நடப்பதுண்டாம். தமிழ்ச் சனத்துக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது என்றாள். பிலோமினா வேண்டாம் என்றாள். சனம் கண்டபடி கதைக்கும். அன்ரனெற், "கதைக்கட்டும்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழ் வானொலி நிலையத்தில் அவளை மைக்குக்கு முன்னால் இருத்தினார்கள். அவள் எங்கே பிடுங்கினாள், எப்படி இருந்தது, எப்படிச் சமைத்தாள், என்ன நடந்தது என்று முறையாகச் சொன்னாள். சத்தி நின்றுவிட்டால் சுகமென்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம் என்பதை இரண்டு தரம் சொன்னாள். நேயர் ஒருவர் தொடர்பில் வந்து, கடையில் விற்கிற காளானைச் சாப்பிடலாமோ என்று கேட்டார்.

"சாப்பிடலாம் அண்ணை. நான் சொன்னது காட்டிலை முளைக்கிறது."

அறிவிப்பாளர் முடிக்கும் குரலில், "இப்ப நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்றார்.

அன்ரனெற் யோசித்தாள். வானொலியில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்கு ஒண்டும் பெரிசாத் தெரியுறேல்லை" என்றாள். "அவர் இருக்கிறார். நான் காலமை எழும்பி வேலைக்குப் போறன்."

அறிவிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு விளம்பரத்தைப் போட்டார்.

கீழே சூசைதாசன் காரில் இருந்தான். மெலிந்துபோனதால் அவனுடைய கோட்டு வேறொருவருடையது போலிருந்தது. கார் றேடியோவில் தளபாடக் கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"பிழையாக் கதைச்சுப்போட்டனோ?"

"பிழையில்லை. கொஞ்சம் கெதியாக் கதைச்சிட்டீர்." றேடியோவை நிற்பாட்டினான். "கடைசியாச் சொன்னது விளங்கினது."

வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டத் தொடங்கியது. அவன் கண்ணாடி துடைக்கும் தடிகளைப் போட்டுவிட்டு, பிளாசாவுக்குள் வரும் கார்களுக்கு வழிவிட்டுக் காத்து நின்றான்.